தூசியை நனைத்துத் தேய்க்கலாம்

நெய்வேலிச் சுரங்கப் பக்கமிருந்து கம்மாபுரம் வட்டாரம் வழியாக விருத்தாசலத்துக்குப் போகிறவர், பீங்கான் தொழில் ஏன் இங்கே வேரூன்றியது என்பதை மண்ணைப் பார்த்தே அறியலாம். அகல்விளக்கு, பொம்மை, மின்சாரத்துக்கான ப்யூஸ் கட்டை எனப் பட்டறைகள் செய்யும் பொருள்களில் வார்ப்பையும் சூளையையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் கவனிக்க விரும்புவது அதற்குப் பிந்திய வேலையை: பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதிகள் சேருமிடத்தில் நிற்கும் பிசிறு, அடியில் வழிந்து உறைந்த கிளேஸ், அடைபட்ட திருகாணித் துளை. சுட்ட பீங்கானில் இவற்றைச் சீராக்க, நகைப் பட்டறைகளும் பல்செட் செய்யும் கூடங்களும் பழகிய வளைதண்டு கிரைண்டர் பொருத்தமான கருவி. பாதுகாப்பைப் பார்த்தால் வேலை ஓடாது என்ற பேச்சு இந்தக் கருவி விஷயத்தில் தவறு என்பதே என் வாதம்.

இதில் மோட்டார் மேலே கொக்கியில் தொங்குகிறது. உறைக்குள் சுழலும் தண்டு மட்டுமே கைப்பிடிக்கு வருகிறது, மின்சாரம் கைக்கு வருவதில்லை. அதனால் வைரப் பிட் படும் இடத்தில் தண்ணீரைச் சொட்டவிட முடிகிறது. மோட்டாரையே கையில் பிடிக்கும் சாதாரணக் கிரைண்டரில் அதைச் செய்யத் துணியக்கூடாது. உலர்ந்து தேய்த்தால் பிட் சூடாகி வைரத்துகள் உதிரும், கிளேஸில் விரிசல் ஓடும். ஈரத்தில் பிட் நீடிக்கிறது, விளிம்பு சிதறுவதில்லை, தூசியும் பெரும்பாலும் சேறாகக் கீழே இறங்கிவிடுகிறது. கரண்ட் பயத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. கால் பெடலை ஈரம் எட்டாத பலகைமேல் வைத்து, 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை இணைக்க வேண்டும். கைப்பிடியின் நுனி எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும், பேரிங்குக்குள் நீர் ஏறாது.

வேகம்தான் வேலையைக் கூட்டும் என்பதும் பாதி உண்மை. நிமிடத்துக்கு 15,000 சுற்றில் 3 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு சுமார் 2.4 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 25 மி.மீ. வட்டத்தகட்டின் விளிம்போ ஏறக்குறைய 20 மீட்டர். தகட்டில் எழுதிய உச்சச் சுற்றைத் தாண்டினால் அது உடைந்து கண்ணைத்தான் தேடி வரும். கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. முந்தானையும் கழுத்துத் துண்டும் தொங்கும் சங்கிலியும் சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளும். தண்டு அகன்ற வளைவில் இறங்க வேண்டும். மடக்கிப் பிடித்தால் உறை சூடேறி உள்கம்பி முறியும். அழுத்தித் தேய்ப்பதும் சூட்டைத்தான் கூட்டும்.

சுடாத பொருளை நனைத்தால் குழைந்துவிடுமே என்பது நியாயமான எதிர்ப்பு. அதற்கு இயந்திரமே வேண்டாம். முழுக்கக் காயுமுன் கத்தியாலும் ஈரப் பஞ்சாலும் பிசிறை எடுத்துவிடலாம். காய்ந்தபின் உலரச் சுரண்டுவதுதான் மிக மோசம். முதல் சூடு முடிந்து கிளேஸ் பூசாத பொருளும் நீரை உறிஞ்சும், பூசுமுன் நன்றாக உலர்த்த வேண்டியிருக்கும். இத்தனை வருடம் செய்கிறோமே, என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு குஜராத்தின் கம்பாத்தை நினைவூட்டுவேன். அங்கே அகேட் கல் தேய்த்தவர்களுக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் கண்டறியப்பட்டது. நுரையீரலின் ஆழம்வரை போகும் சிலிக்காத் துகள் கண்ணுக்குத் தெரியாது. நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும், வந்த வடு ஆறாது. 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் அது பொதுவாகத் தொழிற்சாலையைக் கணக்கெடுத்தது. அதற்குக் குறைந்த பட்டறைகளில் காவல், முதலாளியின் மனசாட்சியை நம்பியே இருந்தது.

செலவு என்று தட்டிக்கழிக்கவும் இடமில்லை. குளுக்கோஸ் ஏற்றும் குழாய் போன்ற ஒன்றும் தொங்கவிட்ட பாட்டிலும் சொட்டுநீருக்குப் போதும். வாயில் கட்டும் துணி நுண்துகளைத் தடுக்காது, முகத்தோடு ஒட்டி அமரும் என்95 முகக்கவசம் வேண்டும். மின்விசிறியை நேரே திருப்பினால் தூசி பக்கத்து மேசைக்காரருக்குப் போகும். தேய்த்த சேற்றை வாளியில் படியவிட்டு ஈரத்தோடே அள்ள வேண்டும், மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்தபின் துடைப்பத்தால் பெருக்கினால் அன்றைய தூசி முழுதும் மறுபடி காற்றில் ஏறிவிடும்.