குடவாசல் எஞ்சின் பட்டறை

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில் வழியாகத் திருவாரூருக்குச் செல்லும் சாலையில், குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைகளைக் கடந்து வயல்களுக்கு நடுவே பிரயாணம் செய்தால் குடவாசல் வருகிறது. கோச்செங்கட்சோழன் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் மாடக்கோயிலில் கோணேசுவரரைத் தரிசிக்க வருகிறவர்களே அங்கு வெளியூராரில் அதிகம். நான் போனதோ, கடைத்தெரு முடியும் இடத்தில், கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கித் தகரக் கூரைக்கு உயர்ந்துவிட்ட ஓர் எஞ்சின் பட்டறையைப் பார்ப்பதற்காக. வைகாசி மாதம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் திறக்காவிட்டாலும் குறுவை நாற்றங்காலுக்கு நிலத்தடி நீரையே முதலில் நம்பவேண்டியிருப்பதால், ஃபில்டர் பாயிண்ட் குழாய்க்கிணறு வைத்திருக்கும் விவசாயிகள் தங்கள் ஆயில் எஞ்சின்களை டிராக்டர் டிப்பரிலும் டாட்டா ஏஸிலும் ஏற்றிக்கொண்டு அங்கே வந்து சேருகிற பருவம் அது. விவசாயத்துக்கு மின்சாரம் 1990-இலேயே இலவசமாகிவிட்டபோதிலும், இணைப்புக்காகக் காத்திருப்போரும், கம்பம் எட்டாத கொல்லைகளை உடையோரும் இன்னும் டீசலையே ஆசிரயித்திருக்கிறார்கள்.

வந்திருந்தவற்றில் பெரும்பாலானவை கிர்லோஸ்கர் ஏவி-1 ரகம்: ஒற்றை சிலிண்டர், 80 மில்லிமீட்டர் விட்டம், 110 மில்லிமீட்டர் ஓட்டம், நிமிஷத்துக்கு 1,500 சுற்றில் ஐந்து குதிரைசக்தி. ஒரு மூலையில், இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரத்து லிஸ்டர் கம்பெனியாரின் பழைய மாதிரியைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்த்த கனத்த எஞ்சின் ஒன்று, நிமிஷத்துக்கு 650 சுற்றுக்கு மேல் போகமாட்டேன் என்கிற பிடிவாதத்தோடு, தன் பெரிய சக்கரங்களைத் தாங்கி உட்கார்ந்திருந்தது.

பட்டறைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் அவர் செய்கிற பரீட்சை, உபகரணம் ஏதும் வேண்டாத பரீட்சை. கைப்பிடியைப் போட்டு மெல்லச் சுற்றுகிறார். கம்ப்ரஷன் எதிர்த்துத் தள்ளுகிற வேகத்தை முழங்கை அறிந்துகொள்கிறது. பிறகு ஓடவிட்டுப் புகையைப் பார்க்கிறார். “நீலமா வந்தா ஆயில் எரியுது, கறுப்பா வந்தா டீசல் சரியா எரியல. வெள்ளையா வந்தா அவசரப்படாதீங்க அண்ணே, பல நேரம் சூடேறினா தானா போயிடும்” என்று ஒரு மிராசுதாருக்கு அவர் சமாதானம் சொன்னபோது, அதில் வியாபாரத் தந்திரம் எதையும் நான் காணவில்லை. பிரிக்க வேண்டாத எஞ்சினைப் பிரித்துக் கூலி வாங்குவது அவருக்கு அவமானம்.

ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் உட்குழாயான லைனரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். ரிங் எட்டாத மேற்பகுதி தேயாமலும், எட்டிய பகுதி தேய்ந்தும் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே ஒரு படி விழுந்திருந்தது. நகம் அங்கே தடுக்கியது. சாதாரண எஞ்சினானால் லேத்துக்கு அனுப்பிப் போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டும். இந்த ரகத்தில் லைனர் தனியாகக் கழல்வதனால், பழையதை இழுத்தெடுத்துவிட்டு, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் சேர்ந்த செட்டையே புதிதாக இறக்கிவிடலாம். கிராங்கை மாத்திரம் கும்பகோணத்துக்குக் கொடுத்தனுப்பி, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் மெட்டலை வாங்குகிறார்கள். வால்வுகளைப் பேஸ்ட் தடவி உட்கார வைக்கிற வேலை உதவியாளனான பையனுடையது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு நிஷ்டை.

சிக்கனம் எங்கே கூடாது என்பதிலும் அவருக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. லைனரின் அடியில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையம் அற்ப விலையுள்ளது. அதில் சிக்கனம் பார்த்தால், நீர் சம்ப்புக்குள் கசிந்து, ஆயில் வெளுத்துப்போய், புதிதாகப் போட்ட மெட்டல் ஒரே போகத்தில் அழிந்துவிடும். ‘பழசையே போட்டுடுங்க’ என்று கெஞ்சிய ஒருவருக்குத் தம் கைப்பணத்தில் புதிய வளையம் போட்டுக்கொடுத்ததைச் சற்றுக் கோபத்தோடுதான் என்னிடம் சொன்னார்.

கொட்டகைக்கு வெளியே ஓர் அம்பாசடர் நின்றது. உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அந்த வண்டிக்கு, 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் மாற்றுவது ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பட்டறைகளின் முக்கியத் தொழிலாக இருந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் கழித்துக்கட்டிய வண்டியின் எஞ்சினைப் பேரம்பேசி வாங்கி லாரியில் போட்டனுப்புவது சுலபம். கியர் பாக்ஸுக்கும் அதற்கும் பொருந்தாத வாய்களை இணைக்க நடுவில் ஒரு தகடு கடைந்து, மவுண்டிங் மாற்றி, கூடுதல் கனத்தைத் தாங்கும்படி முன்பக்கத்து டார்ஷன் பாரை ஏற்றிக் கட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அநுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் புது எஞ்சின் எண்ணை ஏற்றாவிட்டால், இத்தனை வித்தையும் முதல் சோதனையிலேயே வியர்த்தமாகிவிடும்.

அப்போது, துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஓர் இளைஞர் தம் கைப்பேசியில் ரோட்டரி எஞ்சின் ஒன்றைப் பிரிக்கும் காட்சியைக் காட்டினார். ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் வகுத்து, 1967-இல் மாஸ்டா கம்பெனியார் காஸ்மோ காரில் வைத்து, பின்னர் ஆர்.எக்ஸ்-7 மூலம் உலகப் பிரசித்தி அடைந்த யந்திரம் அது. பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண ரோட்டர் சுழல்வதைப் பெரியவர் வெகுநேரம் கவனித்துவிட்டு, “ஆட்டுக்கல்லுல குழவி சுத்துற மாதிரியில்ல சுத்துது” என்றார். அடுத்து அவர் கேட்டது, “ரிங் எங்க தம்பி?” மூன்று முனைகளிலும் உள்ள சீல்களே ரிங்கின் காரியத்தைச் செய்கின்றன என்று இளைஞர் விளக்கினார். “சீல் மாத்தலாம், சரி. அது உரசுற சுவரு தேஞ்சா போர் அடிக்க முடியுமா?” முடியாது, உள்ளே குரோமியம் பூசிய அந்த ஹவுஸிங் கெட்டால், மறுபடி பூச வேண்டும் அல்லது வேறொன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும். வெளிநாடுகளில் குறைந்த செலவில் அவ்வெஞ்சினைப் புதுப்பிக்கப் புறப்படுகிறவர்களின் கணக்கு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் புரண்டுவிடுகிறது. பெரியவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்: “அழகான எஞ்சின். நம்ம ஊருக்கு ஆகாது.”

அவருடைய தீர்ப்பு எனக்கும் சம்மதமே. ஏழை விவசாயியின் எஞ்சினை வாழவைப்பதில் பட்டறைக்காரரின் சாமர்த்தியத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, தேய்வதைத் தனியே கழற்றும்படி ஆதியில் வகுத்து வைத்தவனின் யோசனைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. ஆகவே, பழைய எஞ்சினோ புதிய எஞ்சினோ வாங்க உத்தேசித்திருக்கும் அன்பர்கள், குதிரைசக்தியையும் டீசல் செலவையும் விசாரிப்பதற்கு முன்பாக, லைனர் கழலுமா, ஓவர்சைஸ் பிஸ்டனும் அண்டர்சைஸ் மெட்டலும் கும்பகோணத்துக் கடையில் கிடைக்குமா என்பதை விசாரித்துக்கொண்டு முன்பணம் கொடுப்பார்களாக.