தலைமுடியும் நம் பெண்களின் கேள்விகளும்

பெண்களுக்கான மார்க்க வகுப்புகளில் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. திரைக்கு அப்பாலிருந்து துண்டுக் கடதாசிகளில் எழுதி அனுப்புவார்கள். ஸகாத், வாரிசுரிமை, நோன்பு களாச் செய்தல் என்று பல கேள்விகள் வரும். பல வருடங்களாக இந்தத் துண்டுகளை வாசித்து வரும் எனக்கு ஒன்று மட்டும் நிச்சயம்: ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் அவற்றில் ஒன்றாவது தலைமுடியைப் பற்றியதாக இருக்கும்.

"தலை கழுவினால் முடி கொத்துக் கொத்தாகப் போகிறது. தயம்மும் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்பார். "ஹைழு நாட்களில் உதிர்ந்த முடிகளை என்ன செய்வது?" என்பார் இன்னொருவர். "மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம். முன்தலையில் முடி இல்லை. ஒட்டுமுடி வைக்கலாமா?" என்று ஒரு தாய் கேட்பார்.

இவையெல்லாம் பார்வைக்கு மஸ்அலாக்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பயமும் சில வேளை ஒரு நோயும் மறைந்திருக்கின்றன. நான் வைத்தியனல்லன். இங்கே எழுதும் மருத்துவ விடயங்கள் தோல் நோய் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவை. மார்க்கமும் மருத்துவமும் இந்த ஒரு விடயத்தில் எவ்வளவு இணங்கிப் போகின்றன என்பதைக் கண்டபோது, அதை நம் தாய்மாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஹைழு நாட்களில் சீப்பு

நம் ஊர்களில் பல வீடுகளில் பருவமடைந்த பிள்ளைக்கு உம்மாமார் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்றிருக்கிறது. ஹைழு நாட்களில் தலை வாரக்கூடாது. வாரினால் உதிரும் முடியை எடுத்து வைத்து, சுத்தமாகும்போது அதையும் சேர்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மறுமையில் அந்த முடி முறையிடும் என்பார்கள். சிறு பையொன்றில் முடிகளைச் சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கும் பெண்களை என் மனைவி அறிவார்.

குளிப்புக் கடமையான நிலையில் முடியையும் நகத்தையும் களையாதிருப்பது நல்லது என்ற கருத்து சில கிதாபுகளில் இருப்பது உண்மை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவிலும் அது காணப்படுகிறது. ஆனால் அது நாமாக வெட்டிக் களைவதைப் பற்றியது. இதற்கு ஆதாரபூர்வமான ஹதீஸ் இல்லை என்று பிற்கால அறிஞர்கள் பலர் விளக்கியுள்ளனர். ஹஜ்ஜத்துல் விதாவின்போது ஆயிஷா (ரழி) அவர்களுக்கு ஹைழு ஏற்பட்டது. அப்போது நபி (ஸல்) அவர்கள் கூந்தலை அவிழ்த்து வாரிக்கொள்ளுமாறு அவர்களைப் பணித்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி. வாரினால் முடி உதிரத்தானே செய்யும்? உதிர்ந்ததைச் சேகரித்துக் கழுவுமாறு அங்கே சொல்லப்படவில்லை.

மருத்துவம் சொல்வதையும் பார்ப்போம். மனிதனின் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளர்கிறது. பின்னர் சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு விழுகிறது. அதே வேரிலிருந்து புதிய முடி முளைக்கிறது. இவ்வாறு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது சாதாரணம். ஏழு நாட்கள் தலை வாராதிருந்த பெண், எட்டாம் நாள் சிக்கெடுத்து வாரும்போது அந்த ஏழு நாள் முடியும் ஒன்றாகக் கையோடு வருகிறது. ஐந்நூறு அறுநூறு முடியை ஒரே நேரத்தில் கண்டால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? நோயே இல்லாத இடத்தில் நோய்ப் பயத்தை உண்டாக்கியது மார்க்கத்தின் பெயரால் வந்த ஒரு வழக்கம்.

குளிப்புக்கும் முடிக்கும் பகையில்லை

தயம்மும் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தண்ணீர் பட்டதால் முடி உதிர்வதில்லை. முன்னரே வேரை விட்டுக் கழன்று, மற்ற முடிகளுக்கிடையில் தங்கியிருந்தவைதாம் குளிக்கும்போது வெளியே வருகின்றன. இன்று கழுவாவிட்டால் நாளை வரும். தண்ணீர் தீங்கு செய்யும் என்று நம்பகமான வைத்தியர் சொன்னாலன்றி, முடி உதிரும் என்பதற்காகக் கடமையான குளிப்பை விட்டுத் தயம்மும் செய்ய முடியாது. தலை கழுவாமல் நாட்களைக் கடத்தினால் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து பொடுகும் அரிப்பும்தான் கூடும்.

பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்ற சந்தேகமும் நெடுநாளையது. உம்மு ஸலமா (ரழி) அவர்கள் தாம் கூந்தலை இறுக்கிப் பின்னுபவர் என்று சொல்லி இதையே கேட்டார்கள். மூன்று தடவை தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றினால் போதும் என்று நபியவர்கள் இலேசாக்கிக் கொடுத்தார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில், தண்ணீர் முடியின் உள்ளே சென்றடையுமானால் அவிழ்க்கத் தேவையில்லை. சென்றடையாவிட்டால் அவிழ்க்க வேண்டும்.

உண்மையாகவே உதிரும்போது

பிரசவம் முடிந்து மூன்று நான்கு மாதங்களில் முடி கையோடு வருவதைக் கண்டு அழும் தாய்மார் பலர். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் பருவத்தில் இது நடப்பதால், பிள்ளை சிரித்ததால் முடி கொட்டுகிறது என்று சொல்வோரும் உண்டு. கர்ப்ப காலத்தில் விழ வேண்டிய முடிகள் விழாமல் நின்று, பிரசவத்துக்குப் பின் ஒன்றாக விழுவதே இதன் காரணம். பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது பெரும்பாலோருக்குப் பழைய நிலை திரும்பிவிடும். இதற்கு மருந்தைவிட நல்ல சாப்பாடும் தூக்கமும், "உன் தலை என்ன இப்படியாகிவிட்டது" என்று கேட்காத மாமியும்தான் தேவை.

கடுமையான காய்ச்சலும் இதையே செய்யும். 2006 இறுதியில் சிக்குன்குனியா பரவியபோதும், 2017இல் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியபோதும், கொரோனாவுக்குப் பின்னரும் இதைக் கண்டோம். காய்ச்சல் மாறி இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே முடி உதிரத் தொடங்குவதால், அதற்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் நினைவில் வருவதில்லை. சத்திரசிகிச்சை, பெருந்துக்கம், திடீரென மெலிவதற்காகச் சாப்பாட்டைக் குறைத்தல் ஆகியவற்றின் பின்னரும் இவ்வாறே நடக்கும். காரணம் நீங்கினால் சில மாதங்களில் முடி திரும்ப வளரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்றி மீற்றரே வளர்வதால் பொறுமை வேண்டும்.

மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைந்து முடி உதிரலாம். சோறு தின்று முடித்த கையோடு பிளேன்டீ குடிப்பது நம் வழக்கம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேயிலை தடுக்கிறது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். தைரொயிட் கோளாறு, மாதவிடாய் ஒழுங்கீனத்துடன் முகத்தில் முடி வளரச் செய்யும் சூலகக் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். சில சகோதரிகளுக்கு வகிடு மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போகும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தானாக மாறாது, ஆரம்பத்திலேயே வைத்தியம் செய்தால் மேலும் குறையாமல் காக்கலாம்.

பர்தா அணிவதால் முடி கொட்டுமா என்ற கேள்வியை மாணவிகள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். துணியால் மூடுவதால் முடி உதிராது. வேருக்கு வேண்டிய காற்று இரத்தத்தின் மூலமே கிடைக்கிறது. ஆனால் உள்தொப்பியை நெற்றியில் இறுக்குவதும், கொண்டையை இழுத்துக் கட்டி நாள் முழுவதும் வைத்திருப்பதும், ஒரே இடத்தில் கிளிப் குத்துவதும் முன்தலை முடியின் வேரை இழுத்துக் கெடுக்கும். பல வருடம் இப்படிச் செய்தால் வேர் அழிந்து, முடி திரும்பாமலே போகலாம். ஈரத் தலையுடன் ஸ்கார்ப் கட்டுவதும் நல்லதல்ல. ஹிஜாபில் குற்றமில்லை, இறுக்கிக் கட்டும் முறையில்தான் குறை இருக்கிறது.

புழுவெட்டும் செய்வினையும்

சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த மாணவி ஒருத்தி திடீரென வகுப்புக்கு வராமல் நின்றாள். பெருநாளைக்குத் தலை வாரும்போது, காதுக்குப் பின்னால் குற்றியளவில் முடியில்லாத ஓரிடத்தை ராத்தா கண்டிருக்கிறாள். சில கிழமைகளில் அப்படி மூன்று இடங்கள். "கண்ணூறு" என்றார்கள். பின்னர் "செய்வினை" என்றார்கள். பார்வை பார்க்கும் ஒருவரிடம் போனார்கள். தகடு, நூல், ஓதிய எண்ணெய் என்று மூன்று மாதத்தில் அந்த உம்மாவின் காதிலிருந்த தோடும் அடகுக்குப் போய்விட்டது. யார் செய்தது என்ற சந்தேகத்தில் பக்கத்து வீட்டுச் சாச்சியுடன் பேச்சும் நின்றது.

அந்த உம்மா என் மனைவியிடம் வந்து அழுதபின் எனக்குத் தெரியவந்தது. குர்ஆன் ஓதி நிவாரணம் தேடுவது நம் மார்க்கத்தில் உள்ளது. அதைப் பெற்ற தாயே செய்யலாம், தோடு விற்கத் தேவையில்லை. வைத்தியம் செய்வதும் நபியவர்கள் ஏவியதே என்று சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்பினோம்.

நாம் புழுவெட்டு என்று சொல்லும் இந்த நோய்க்குப் புழுவும் காரணமில்லை, பூச்சியும் காரணமில்லை. நோய்க்கிருமியோடு போராட வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி முடியின் வேரைத் தாக்குகிறது. இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது. வேர் அழிவதில்லை என்பதால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் முடி திரும்ப வளர்கிறது. அந்த இடத்தில் ஊசி போடுவதும் பூசு மருந்தும் வழக்கமான சிகிச்சை. தலை முழுவதும் பரவிய கடுமையான நிலைக்கு பாரிசிட்டினிப் என்ற குளிசைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மாணவியின் தலையில் முதலில் வெள்ளையாகப் பூனைமுடி போல முளைத்து, பின்னர் கறுத்தது. பரீட்சை எழுதினாள். அடுத்த வருடம் ஓரிடத்தில் மீண்டும் உதிர்ந்தது, மீண்டும் வளர்ந்தது. அந்நோயின் இயல்பு அது. பெண் பார்க்க வந்தபோது உம்மா ஒளிக்காமல் சொன்னார். முதலில் வந்த வீட்டார் போய்விட்டார்கள். இரண்டாவது வந்த வீட்டில் மாப்பிள்ளையின் உம்மா, "முடிக்கா மகனைக் கட்டிக் கொடுக்கிறோம்?" என்று கேட்டாராம்.

சிறு பிள்ளைகளின் தலையில் செதிலோடும் அரிப்போடும் முடி ஒடிந்து வட்டமாகப் போனால் அது வேறு. அது படர்தாமரை, தொற்றும். குர்ஆன் மத்ரஸாக்களில் பிள்ளைகள் தொப்பியை மாற்றிப் போடுவார்கள், கவனியுங்கள். எண்ணெயால் இது மாறாது, உட்கொள்ளும் மருந்து வேண்டும்.

மருந்தும் ஒட்டுமுடியும்

தேங்காயெண்ணெய் முடியின் புரதம் குறையாமல் காத்து, உடையாமல் வைக்கும். புதிய முடியை முளைக்கச் செய்யாது. மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் சரியல்ல. ஏழாம் நாள் பிள்ளையின் முடி களைவது சுன்னத் என்பதற்காகச் செய்வோம்; அடர்த்திக்காக அல்ல. பயோட்டின் குளிசை, அச்சத்துக் குறைபாடு இல்லாதவருக்குப் பயன் தருமென்பதற்குப் போதிய சான்றில்லை. தைரொயிட் இரத்தப் பரிசோதனை முடிவையும் அது பிழையாகக் காட்டிவிடும். கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத போத்தலை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்காதீர்கள்.

மினொக்ஸிடில் என்ற பூசு மருந்து பலன் தருவது நிரூபிக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த குளிசையால் முடி வளர்வதைக் கண்டு உருவாக்கப்பட்ட இம்மருந்து, 1988இல் அமெரிக்காவில் பூசுவதற்கு அனுமதிக்கப்பட்டது. முதற் கிழமைகளில் முடி சற்றுக் கூடுதலாக உதிரலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் செல்லும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்கக் கூடாது. இதிலுள்ள அல்கஹோல் பற்றிக் கேட்கிறார்கள். வெளிப்பூச்சு மருந்தில் இக்கால அறிஞர் பலர் இதை அனுமதிக்கின்றனர்.

ஒட்டுமுடி பற்றிய தாயின் கேள்வி புதியதல்ல. அம்மை கண்டு முடி உதிர்ந்த மணப்பெண்ணுக்காக ஒரு தாய் நபியவர்களிடமே இதைக் கேட்டார். நபியவர்கள் கண்டிப்பாகத் தடுத்தார்கள். மனித முடியை ஒட்டுவது கூடாது என்பதில் நம் மத்ஹபில் மாற்றமில்லை. மனித முடியல்லாத சுத்தமான பொருள் பற்றியும், புற்றுநோய் மருந்தால் முடியிழந்தோர் போன்றவர்கள் குறையை மறைப்பது பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் நிலையைச் சொல்லி ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள். தன் முடியையே எடுத்து நடுவது இதில் சேராது. 2007இல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, முடி உதிர்ந்தோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முடி நடுவதை அனுமதித்தது.

வட்டமாக உதிர்ந்தால், தலைத்தோலில் வலியோ புண்ணோ இருந்தால், ஆறு மாதம் கடந்தும் நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். பெண் வைத்தியர் இருந்தால் அவரிடம். இல்லாவிட்டால் தேவையளவு ஆண் வைத்தியரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. கூட வரும் பொறுப்பு கணவருடையது, தந்தையுடையது.

எந்த நோயையும் அதற்கான நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்று நம் நபி கற்பித்திருக்கிறார்கள். அந்த நிவாரணத்தைத் தேடும் அறிவையும், தேடும் காலத்தில் பொறுமையையும் அவன் நம் வீட்டுப் பெண்களுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.