சக்குக்குள் ஒரு இடத்திருகு

கோவை கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் போயிருந்த கடையில் கையில் பிடித்து ஓட்டும் ட்ரில்லிங் மெஷின்கள்தான் அதிகம். சிமெண்டுத் தூசி படிந்து மேசை நிறையக் கிடந்தன. கடைக்காரர் ஒன்றை எடுத்தார். பிளக்கில் சொருகவில்லை, காற்றுத் துளையருகே மூக்கை வைத்தார். “ஆர்மேச்சர் போச்சுங்க” என்றார். கருகிய வார்னிஷ் வாடை எனக்கும் அடித்தது.

பிரித்து, மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரைக் காட்டினார். அதன் முனையில் செம்புப் பட்டைகளை உருளையாக அடுக்கிய கம்யூட்டேட்டர். இருபுறமும் கார்பன் அதில் உரசியபடிதான் மெஷின் ஓடுகிறது. நல்ல மெஷினில் அந்தச் செம்பு காப்பி நிறத்தில் வழவழவென்று இருக்கும். இதில் கறுத்துப் பொரிந்திருந்தது.

“ஓடறப்பவே ரிவர்ஸைத் தள்ளிருக்காங்க.”

வேகமாகச் சுற்றும் மோட்டாரைத் திடீரென எதிர்த்திசைக்கு மாற்றினால் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். கார்பனில் பொறி பறக்கும், கியர் பல்லும் அடி வாங்கும். சுவிட்சை விட்டு, துளையிடும் பிட்டைக் கவ்வியிருக்கும் சக்கு முழுதாக நின்ற பிறகே திசை மாற்ற வேண்டும். கார்பன் தேய்வதையும் பலர் கவனிப்பதில்லை. அதில் வரம்புக் கோடு போட்டிருந்தால் அதைத் தொடும் முன்பே, இரண்டையும் ஜோடியாக மாற்றிவிட வேண்டும்.

பின்கட்டில் ஓர் அக்கா ஆர்மேச்சர் கட்டிக்கொண்டிருந்தார். மெல்லிய செம்புக் கம்பியை ஒவ்வொரு காடியிலும் இறக்கி, சுற்றை உதட்டுக்குள் எண்ணுகிறார். பேச்சுக் கொடுத்தால் கண்ணை மட்டும் நிமிர்த்துகிறார். எண்ணிக்கை தப்பினால் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். இவ்வளவு பொறுமையான வேலை யாரோ ஒருவரின் அவசரத்தில் கருகுவதை நினைத்து எனக்கு மனசு கேட்கவில்லை.

அவசரம் கையையும் விடுவதில்லை. இரும்பில் துளை மறுபக்கம் உடைகிற நேரத்தில் பிட் கவ்விக்கொள்ளும். பிட் நின்றுவிட, மெஷின் சுழன்று மணிக்கட்டை முறுக்கும். அதனால்தான் பக்கவாட்டுக் கைப்பிடி. துளை முடியப்போகும்போது அழுத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் கடைக்காரர். சிக்கிய பிட்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. நிறுத்தி, ரிவர்ஸில் மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, சுழலும் பிட்டில் அதன் நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

சக்குத் தாடையை முழுக்கத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னார். அடியில் ஒரு திருகாணி. “இதை எந்தப் பக்கம் திருப்பிக் கழட்டுவீங்க?” இடப்பக்கம் என்றேன். தலையை ஆட்டினார். அது இடத்திருகு, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சக்கு சாதாரண மரையில் ஏறியிருப்பதால், ரிவர்ஸில் ஓடும்போது தானாகக் கழன்று வரப் பார்க்கும். அந்தத் திருகாணிக்கோ அதே சுழற்சி இறுக்கம். சக்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். புதிதாகக் கை வைக்கிறவர்கள் பழக்கத்தில் இடப்பக்கம் திருப்பி, திருகாணியின் தலையை உடைத்துவிட்டு வருவார்களாம்.

சரிசெய்த மெஷின் ஒவ்வொன்றிலும் சக்குச் சாவியைப் பிளக்கை ஒட்டி ஒயரில் கட்டித் தருகிறார். பிளக்கைப் பிடுங்கினால்தான் சாவி சக்குக்கு வரும். மின்சாரம் இருக்கும்போது பிட் மாற்ற வழியில்லை. இடைஞ்சல் என்று அறுத்துவிட்டுச் சிலர் திரும்ப வருகிறார்கள். மறுபடியும் கட்டித்தான் கொடுக்கிறார், காசு வாங்காமல்.