அளக்காத பாதி

நான் கட்டிய மோட்டார் லாஞ்சு மாதிரியின் பின்பாதி பொய். அளந்து வரைந்ததாகச் சொன்னேன், அளக்கவில்லை. அந்த லாஞ்சை ஓட்டியவரே வந்து வடிவம் தப்பு என்றபோது, அவர் முகத்துக்கு நேரே அதே பொய்யைத் திரும்பவும் சொன்னேன். அதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பினாங்கின் சூலியா தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். கிங் தெரு சந்திப்பில் நாகூர் தர்கா. கூப்பிடு தூரத்தில், 1801இல் காதர் மொஹிதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் தெரு இது. அவர்களில் வணிகர்களின் பெயர் கல்வெட்டிலும் கட்டடத்திலும் நிற்கிறது. கடலில் தள்ளி நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவர்களின் பெயர் எதிலும் இல்லை. தெருவின் கீழ்க்கோடி வெல்ட் கீயில் கடலைத் தொடும் இடத்துக்கு இன்றும் ‘காட்’ என்றே பெயர். படித்துறை என்றுதான் அர்த்தம். படித்துறையில் கட்டிக்கிடந்த லாஞ்சுகள்தான் இல்லை. சரக்குப் பெட்டிகள் வந்து, பெரிய கப்பல்கள் பட்டர்வொர்த் பக்கம் நேரே துறைமேடையில் கட்ட ஆரம்பித்ததும் அவற்றின் பிழைப்பு சுருங்கிவிட்டது.

இங்கே வந்துபோன, 1926இல் கட்டிய எஸ்.எஸ். ராஜுலா என்ற பயணிகள் கப்பலுக்குப் படம் உண்டு, வரைபடம் உண்டு, கதை சொல்ல ஆயிரம் குடும்பங்கள் உண்டு. அதே துறைமுகத்தில் ஓடிய மர லாஞ்சுக்கு ஒரு தாள்கூடக் கிடையாது. மேஸ்திரி அடிமரமான ஏராவைப் போட்டு, விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்தி, வளையும் சட்டத்தை அவற்றின் மேல் ஓட்டிப் பார்த்து, கண்ணுக்குச் சரி என்று பட்ட இடத்தில் ஆணி அடித்துக் கட்டியது. படகு போனால் வடிவமும் போயிற்று. அதனால்தான் ஒரு லாஞ்சையாவது அளந்து மாதிரியாகக் கட்டவேண்டும் என்று கிளம்பினேன். கிளம்பிய நோக்கம் நல்லதுதான். அதனால் என் குற்றம் குறைந்துவிடாது.

பிறை ஆற்றங்கரைச் சேற்றில் ஒரு பழைய செங்கால்மர லாஞ்சு சாய்ந்து கிடந்தது. 30 அடி நீளம், ஏழரை அடி அகலம். படகை அளப்பதற்கு முறை உண்டு. பக்கத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை மட்டம் பார்த்து நட்டு, அதிலிருந்து படகின் உடம்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கீழிருந்து மேலாகக் குறிக்கவேண்டும். நீளவாக்கில் மூன்றடிக்கு ஒரு தடவை இதையே செய்யவேண்டும். எண்களைத் தாளில் புள்ளியாக வைத்து வளைசட்டத்தால் இணைத்தால் படகின் உருவம் எழுந்து வரும். ஒரு புள்ளி தப்பினாலும் கோடு துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும்.

முன்முனையான அணியத்திலிருந்து நடுப்பாகம் வரை ஒழுங்காக அளந்தேன். பின்னணியம் சேற்றுக்குள் இருந்தது. அமாவாசை வற்றத்துக்கு வந்து, மண்வெட்டியால் சேற்றை ஒதுக்கினால் முடிகிற வேலை. வருகிறேன் என்று போனவன் திரும்பிப் போகவில்லை. முதலில் மழையைச் சாக்கு வைத்தேன், பிறகு வேலையை. பிறகு சாக்கே தேவைப்படவில்லை; வெறும் சோம்பல். கடைசியில் போனபோது படகை உடைத்து அள்ளிப் போயிருந்தார்கள்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம், அல்லது பாதிப் படகென்று சொல்லியே கட்டியிருக்கலாம். நானோ கையிலிருந்த வெளிநாட்டு விரைவு லாஞ்சு வரைபடம் ஒன்றிலிருந்து பின்பாதியை எடுத்து ஒட்டினேன். அகலமான, வெட்டினாற்போன்ற பின்புறம். தாளில் எடுப்பாக இருந்தது.

அடிக்கு ஒரு அங்குலம் கணக்கு, அதாவது 1:12. மாதிரி 30 அங்குலம். ஜெலுத்தோங் மரத்தைச் சீவிப் பலகை எடுத்தேன். பலகை ஒவ்வொன்றும் நடுவில் அகன்று இரு முனையிலும் குறுகவேண்டும். வலது பக்கம் ஒன்று ஏற்றினால் இடது பக்கமும் ஒன்று ஏற்றவேண்டும். ஒரே பக்கமாக ஏற்றிக்கொண்டு போனால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். அளந்த வங்குகளின் மேல் பலகை தானாகப் போய் உட்கார்ந்தது. அளவு முடிந்து ஊகம் தொடங்கிய வங்கில் மட்டும் விம்மி எழும்பியது. விரலால் அழுத்தினால் படியும், விட்டால் நிமிரும். இது ஒரே படகின் உடம்பு இல்லை என்று மரம் அன்றே சொல்லிவிட்டது. நான் அந்த வங்கை உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்து, கிளிப்பு போட்டு இறுக்கிப் பசை வைத்தேன்.

தண்ணீரும் சொன்னது. நீளம் 12இல் ஒரு பங்கானால் எடை 1728இல் ஒரு பங்காகவேண்டும். மூன்றரை டன் லாஞ்சின் மாதிரி சுமார் 2 கிலோ இருக்கவேண்டும். அந்த எடையில் நீர்க்கோட்டில் மட்டமாக மிதக்கவேண்டும். என் மாதிரி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பின்புறம் தேவைக்கு மேல் அகலமாக இருந்ததால் தண்ணீர் அதைத் தூக்கியது. பின்னால் ஈயத்தை வைத்துச் சமன் செய்தேன். எடை கூடி உடம்பு தாழ்ந்தது. நீர்க்கோட்டை மேலே ஏற்றிச் சாயம் அடித்தேன்.

மாதிரியின் வடிவம் ஏன் உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் 1872இல் இங்கிலாந்தின் டார்கீயில் ஒரு நீண்ட தொட்டி கட்டி, அதில் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தார். வேகத்தை அளவுவிகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து ஓட்டினால், பெரிய படகு எழுப்பும் அலையின் வடிவத்தையே மாதிரியும் எழுப்பும் என்பது அவர் நிறுவிய விதி. 7 நாட் வேகத்தில் ஓடும் லாஞ்சின் மாதிரி 2 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஓடவேண்டும். வடிவம் உண்மையாக இருந்தால்தான் அலையும் உண்மையாக எழும். அப்படிப்பட்ட மாதிரி ஒரு சாட்சி, என்னுடையது பொய்ச்சாட்சி.

ஒரு கண்காட்சியில், ‘நேரடி அளவுகளின்படி கட்டப்பட்டது’ என்று அட்டையில் என் கைப்பட எழுதி மாதிரியோடு வைத்தேன். மாதிரியைத் தொட்டியில் ஓட்டிக் காட்டினேன். அந்த லாஞ்சின் பழைய சாரங்கு, எண்பதைத் தாண்டியவர், மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். குனிந்து, ஓடும் படகின் பின்னால் தண்ணீரைத்தான் பார்த்தார்.

“தம்பி, இவ பின்னால இவ்வளவு அகலம் இல்லப்பா. ஒடுங்கி இருப்பா. தண்ணிய இழுத்துக்கிட்டுப் போக மாட்டா, விட்டுட்டுப் போயிருவா.”

“இல்லைங்க மாமா, இஞ்ச் விடாம அளந்து போட்டது” என்றேன்.

சுற்றி நாலு பேர் நின்றார்கள். பாராட்டி முடித்த வாய்கள். அவர்கள் முன்னால் சிறுத்துப்போகப் பயந்தேன். அவர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, “அப்படியா… அப்ப சரிப்பா” என்று நகர்ந்தார். ஏழு நாட் வேகத்தில் ஓடும் படகுக்கு ஒடுங்கிய பின்புறமே பொருத்தம், அகன்ற பின்புறம் தண்ணீரின் மேல் எழும்பிப் பாயும் படகுக்குத்தான் ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவர் சொன்னது சரி என்று தெரிந்தே மறுத்தேன்.

அவர் இறந்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போகும் துணிவு வந்தது. மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அன்னையிலேருந்து அத்தா, ‘நமக்குத்தான் ஞாபகம் தப்பிருச்சு போல’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க” என்றார். ஒரு மனிதர் தன் வாழ்நாளெல்லாம் கையாலும் காலாலும் அறிந்ததை, கடைசிக் காலத்தில் சந்தேகப்பட வைத்தவன் நான். சோம்பல்கூட மன்னிக்கக்கூடியது. இது அப்படியில்லை.

இப்போது மாதிரியின் பின்பாதியில் சாயத்தைச் சுரண்டி, வெறும் மரமாக விட்டிருக்கிறேன். அட்டையையும் மாற்றிவிட்டேன்: அணியம் முதல் நடுப்பாகம் வரை அளந்தது, அதற்குப் பின்னால் ஊகம், அதுவும் தவறான ஊகம். என் வரைபடத்தைப் படியெடுத்துப் போனவர்களில் தெரிந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிவிட்டேன்.

ஆற்றோரச் சேற்றில் இன்னும் இப்படிப் படகுகள் கிடக்கின்றன. அவற்றை ஓட்டிய ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள். அளக்கப் போகிறவர்கள் முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள். தெரியாத இடத்தைத் தாளில் வெற்றிடமாக விடுங்கள். அது அவமானம் இல்லை.

பின்னணியத்தைப் பிரித்துச் சரியாகக் கட்டிவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதைப் பார்த்துக் கட்டுவது? அந்த வடிவம் தெரிந்திருந்தவர் அந்தச் சாரங்கு ஒருவர்தான். அவர் சொல்ல வந்தபோது வாயை அடைத்தவன் நான்.