நோயாளி வேடம்

பட்டும் கோபுரமும் காணவே பெரும்பாலோர் காஞ்சிபுரம் செல்வர். நான் சென்றதோ, அந்நகரை அடுத்த மருத்துவக் கல்லூரி ஒன்றில், தேகத்தில் ஒரு குறையுமின்றி இருந்துகொண்டே நோயாளியாக வேடம் தாங்கி மாணவரைப் பயிற்றுவிப்போரைக் காண்பதற்காக.

அன்று வேடம் பூண்டவர், பிள்ளையார்பாளையத்தில் நெடுங்காலம் குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்து ஓய்ந்த முதியவர். "கையைத் தூக்க முடியலை தம்பி, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலை" என்று அவர் தொடங்கியதுமே, நாடா எறிந்தெறிந்து வந்த தேய்மானம் இது என்று மனத்தில் நிச்சயித்துவிட்ட மாணவர், அந்த நிச்சயத்துக்கு இசைவான வினாக்களையே அடுக்கினார். பின்னர் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பியபோது, கை சிறிதே நகர்ந்து நின்றது. எத்தனை முறை திருப்பினும் அதே இடத்தில், அதே முகச்சுளிப்போடு நின்றது. தானாகவும் அசையாமல், பிறர் அசைத்தாலும் அசையாமல் இருப்பது உறைந்த தோளின் லட்சணம். நீரிழிவுடையோருக்கு அந்நோய் அதிகம் வரும். இப்பாத்திரமோ, கூலி தாமதப்பட்டதால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டவர். ஆனால் கேட்டாலன்றி அதைச் சொல்லலாகாது. "கையை நிறுத்தச் சீக்கிரம் பழகிட்டேன், வாயை நிறுத்தத்தான் நாளாச்சு" என்று பெரியவர் பிற்பாடு என்னிடம் சிரித்தார். இத்தொழிலின் சூட்சுமம் அவ்வளவும் அந்த மௌனத்தில் இருக்கிறது.

உடனிருந்த ஆசிரியை விடை கூறவில்லை. தமக்குத் தெரியாதவை எவையென்று மாணவரையே எழுதச் செய்து, படித்துவிட்டு வருமாறு நூலகத்துக்கு அனுப்பினார். 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், ஓவியர்களுக்கு மாதிரியாக அமர்ந்துவந்த ஒரு மாதை நோயாளியாக நடிக்கவைத்து இந்த வேட முறையைத் தொடங்கியபோது, மருத்துவக் கல்லூரிக்குள் சினிமாவா என்று பரிகசித்தவர் பலர். நம் நாட்டிலோ, 2019-இல் அமலுக்கு வந்த பாடத்திட்டம் நோயாளியோடு உரையாடும் திறனையும் தானே கற்றலையும் பாடத்தின் அங்கங்களாகவே ஆக்கியிருக்கிறது.

பிற்பகல் திரும்பிய மாணவர், "ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்குங்களா?" என்றே ஆரம்பித்தார். இருக்கிறது என்றார் பெரியவர். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா இல்லையா?" என்ற அடுத்த வினாவில் சற்றே அதட்டல் தொனித்தது. அதட்டினால் மறைக்க வேண்டுமென்பது பாத்திரத்துக்கு விதித்த விதியாதலால், "போடறேன்" என்று பொய் சொன்னார். வேடம் கலைந்தபின் மாணவரை அருகில் அமர்த்தி, "சரியான கேள்விதான் தம்பி. நீங்க கேட்ட தோரணையில எனக்குக் கூச்சமாப் போச்சு, அதான் மறைச்சேன்" என்றார். நூலகத்தில் எழுதிய குறிப்புகளுக்குக் கீழே மாணவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இவ்வளவு நுட்பமாகக் கற்பிப்பவருக்கு அங்கே சன்மானம் பேருந்துக் கட்டணமும் மதிய உணவுமே. கல்லூரிகள் இவர்களை ஆசிரியர் வரிசையில் வைத்து, அதற்குரிய ஊதியமும் தர முன்வர வேண்டும்.