மீண்டும் வகுப்பறைக்கு

எங்களில் ஒருவர் நடுவண் அரசு எழுத்தர். மற்றவர் தில்லி அரசுப் பள்ளியொன்றில் கணக்காசிரியை. உளச்சோர்வால் அவர் பதினான்கு திங்கள் விடுப்பிலிருந்தார். சங்க அன்பர்களிடம் முதுகுவலி என்றே சொல்லிவந்தோம், அது பொய். நோயினும் அதுவே எங்களுக்குக் கனத்தது.

மருத்துவ விடுப்பு முடிந்து திரும்புவோர், 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி, படிவம் 5-இல் தகுதிச் சான்று தரவேண்டும். பிறர் கோப்புகளில் அதனைப் பலகாலும் கோத்த எழுத்தரின் கை, வீட்டுப் படிவத்தைத் தொட்டபோது நடுங்கியது.

முதல் நாள் பேருந்தில் சேர்ந்தே சென்றோம். “வாய்பாடு மறந்திருக்குமோ?” என்றார். பதினேழாம் வாய்பாட்டை இருவரும் மெல்லச் சொல்லிப் பார்த்தோம். முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாலையில், பாதிப் பாடந்தான் நடத்த முடிந்தது என்றார். மீதியை மறுநாள் நடத்தினார்.