பாமினியில் எழுதிய காலம்

பாமினி எழுத்துருவில் டைப் அடித்துப் பழகிய விரல்கள் இன்றைக்கும் அதை மறந்திருக்காது. அகரத்துக்கு எம், மகரத்துக்கு கே, குற்றுக்கு அரைப்புள்ளி, அரவுக்கு எச். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் 'அம்மா' வரும். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அம்மா இருக்க மாட்டாள். அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டும் கிடக்கும்.

இலங்கையில், எம்பிலிப்பிட்டியவில் ஒரு கொமியூனிகேஷன் கடையில்தான் எனக்கு அது பழகியது. இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கொடகவெல வழியாக பஸ்ஸில் வருவோம். தேயிலையின் குளிர் விட்டு, ரப்பர் நிழல் தாண்டி, வயலும் வாழையுமாகத் தரை விரியும்போதே சட்டை வியர்த்துவிடும். வைக்கோலிலிருந்து கடதாசி செய்த அரசாங்க ஆலை இருந்த ஊர் எம்பிலிப்பிட்டிய. பிறகு அந்த ஆலையும் நின்றுபோனது. சுற்றிலும் சிங்களம் பேசும் மக்கள். தமிழில் ஒரு கடிதம் அடிக்க வேண்டுமென்றால் அங்கே இடம் தேட வேண்டியிருந்தது.

கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஐ.டி.டி. தொலைபேசி. மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்களின் பிள்ளைகள் அதற்குள் நின்று, கட்டணம் ஏறுகிறதே என்று அவசர அவசரமாகப் பேசுவார்கள். வெளியே இரண்டு கணினி. ஒன்றில் சிங்கள நண்பன் எஃப்.எம். அபயா எழுத்துருவில் அடிப்பான், மற்றதில் நான் பாமினியில் அடிப்பேன். எழுத்துரு இல்லாத இடத்தில் அவனுடைய சிங்களமும் என் தமிழைப் போலவே குறிகளாக உதிர்ந்துவிடும். இருவருக்கும் ஒரே கஷ்டம் என்பதால்தானோ என்னவோ, அவனோடு எனக்கு ஒட்டிப்போயிற்று.

தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் ஒருமுறை அடித்ததோடு போக மாட்டார்கள். "தம்பி, இதெ சிங்களத்துலயும் ஒன்னு அடிச்சிக் குடுங்க, இல்லாட்டி ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க." 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. அது சட்டத்தில். பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்த எங்கள் சனத்துக்கு இரண்டு பிரதி தேவைப்பட்டது. நான் தமிழில் அடித்ததை அவனுக்கு வாயால் சொல்ல, அவன் சிங்களத்தில் அடிப்பான்.

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிகாலைப் பிரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டு, மாலையில் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டை விரித்துக்கொண்டு உட்காருவார். யாருக்கு முழுப்பேர் (முழுநாள் கூலி), யாருக்கு அரைப்பேர் (அரைநாள் கூலி), கொழுந்து எத்தனை கிலோ என்று கட்டம் கட்டமாக இறங்கும். ஒரு கோடு பிசகினால் ஒரு குடும்பத்தின் சம்பளம் பிசகும். சில கட்டங்களுக்கு ஓரத்தில் பென்சிலால் சின்னக் குறிப்பு எழுதுவார். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "நான் வராட்டியும் இன்னொருத்தன் எடுத்துப் பார்த்தா வெளங்கணும்டா" என்றார். பின்னாளில் கொழும்பில் மென்பொருள் வேலைக்குப் போய், நிரலுக்குள் ஏன் விளக்கக் குறிப்பு எழுத வேண்டும் என்று பயிற்சியில் நீட்டி முழக்கிச் சொன்னபோது, அந்தப் பென்சில் எழுத்துத்தான் கண்முன் வந்தது. தொழில்நுட்ப எழுத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

யூனிகோட் எனப்படும் ஒருங்குறியின், 1991 இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 உம் அதன் பின்னால் எக்ஸ்பியும் லதா என்ற தமிழ் எழுத்துருவோடு வந்த பிறகுதான் அது மெல்ல எங்கள் பக்கம் எட்டியது. உடனே ஒரு கேள்வி: பாமினியில் அடித்துச் சேர்த்ததையெல்லாம் என்ன செய்வது? சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' மாற்றி எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தது. பழையதை ஒரு பெட்டியில் ஒட்டினால் மறுபெட்டியில் ஒருங்குறியில் வரும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரேயடியாக மாற்ற நான் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியதும் பழையதைக் காப்பாற்றும் ஆசையில்தான்.

அந்த ஸ்கிரிப்டில் வரிசைதான் உயிர். பாமினியில் 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், அரவு என மூன்று விசை. முதல் இரண்டு விசையும் சேர்ந்தால் 'கெ'. ஆகவே மூன்றை முதலில் மாற்ற வேண்டும், இரண்டைப் பிறகு. ஏறுமாறாகச் செய்தால் 'கெ' மாறி, அரவு தனியாக வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு அச்சொட்டாக 'கொ' போலவே இருக்கும். ஆனால் உள்ளே ஒரு குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கும், பல மென்பொருள்களில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. இன்னொன்று, கோப்புக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு முகவரி இருந்தால் அதையும் ஸ்கிரிப்ட் தமிழ் என்று நினைத்துச் சிதைத்துவிடும். இதையெல்லாம் அப்பாவைப் போல ஓரத்தில் குறித்து வைத்தேன், தமிழிலேயே.

கொமியூனிகேஷன் கடைகள் போய்விட்டன. கைத்தொலைபேசி வந்ததும் கண்ணாடிக் கூண்டுக்கு வேலையில்லாமல் போனது. அந்தக் காலத்து வறுமைக்கு நான் ஏங்கவில்லை. ஏங்குவது அடித்த எழுத்துக்களுக்காக. தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கக் கூட்ட அறிவித்தல், பாடசாலை மலர், காலமானவர்களுக்கு அடித்த அஞ்சலித் தாள் என்று ஒரு தலைமுறையின் சொற்கள் அந்தக் கோப்புகளில் இருந்தன. எங்கள் சபரகமுவத் தோட்டங்களில் என்ன நடந்தது என்று எங்கள் ஆட்களே எழுதி வைத்தது அவ்வளவு மலிவாகக் கிடைக்காது. நெகிழ்தட்டில் இருந்தது பெரும்பாலும் பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. சீடியில் இருப்பதும் நெடுநாள் தாங்காது.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய சீடியோ வன்தட்டோ கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். திறந்ததும் வெறும் குறிகளாகத் தெரிந்தால் கெட்டுப்போனது என்று அழித்தும் விடாதீர்கள், அது பாமினியாக இருக்கலாம். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒருங்குறிக்கு மாற்றிய பிரதி ஒன்று எடுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், யார் அடித்தது என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் நூலகம் திட்டம் சேர்த்து வருகிறது, அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.